பாஸ்கோ யூரன் செத்துப்போக வேண்டும்

ஹோபார்ட் டவுன், வான் டீமன் தீவு
1836 மார்ச் 3

அக்கா ஹானருக்கு,

நான்தான், டாம்சின். கையெழுத்தைப் பார்த்து வேறு யாரோ என்று நினைத்துவிடாதே. ஊரில் இருந்தவரை என் பெயரைக்கூட எழுதத் தெரியாதவள் கப்பலில் கற்றுக்கொண்டேன். நூற்றுப் பன்னிரண்டு கைதிப் பெண்கள், நான்கு மாதம், எந்தப் பக்கம் பார்த்தாலும் தண்ணீர், வேறு என்னதான் செய்வது? காலையில் கப்பல் வைத்தியர் எழுத்துச் சொல்லிக்கொடுப்பார். சாயங்காலம் அவருக்குத் தெரியாமல் ஆட்டம் போடுவோம்.

இரண்டு வருடமாக ஏன் எழுதவில்லை என்று கேட்பாய். நீ எழுதினாயா? போட்மின் சிறையில் மூன்று மாதம் கிடந்தேனே, ஒரு தடவை எட்டிப் பார்த்தாயா? உன் எஜமானியம்மாவின் பச்சைச் சால்வையைத் திருவிழாவுக்குப் போட்டுக்கொண்டு போனது தப்புதான். அதற்குத் திருட்டு என்று எனக்கு ஏழு வருடத் தண்டனை, உன் வேலையும் போயிற்று. எல்லாம் தெரியும். அந்தச் சண்டையைக் கொஞ்ச நேரம் ஓரமாக வை. உன்னால் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும்.

என் புருஷன் செத்துப்போனான் என்று ஒரு கடிதம் எழுதி அனுப்பு.

பதறாதே. எனக்குப் புருஷனே கிடையாது, அதுதான் சிக்கல். கப்பல் இங்கே கரை சேர்ந்ததும் ஒரு குமாஸ்தா பெரிய புத்தகத்தோடு ஏறி வந்தார். உயரம் எவ்வளவு, கண் என்ன நிறம், மச்சம் மூக்கில் எந்தப் பக்கம் என்று ஒவ்வொருத்தியாக நிறுத்திக் கேட்டு எழுதினார். கல்யாணம் ஆயிற்றா என்றும் கேட்பார் என்று முன்பே தெரியும். என் பக்கத்துப் படுக்கைக்காரி நெல்லி ஸ்ப்ராட், லண்டன்காரி, என் காதில் ஓதினாள்: "ஆயிடுச்சுன்னு சொல்லுடி. புருஷன் இருக்கான்னா ஒரு பயலும் கிட்ட வர மாட்டான். நல்ல குடும்பமாப் பாத்து வேலைக்கு அனுப்புவாங்க." நானும் நம்பி, ஆயிற்று என்றேன். அடுத்து அவள் முறை. என்ன சொன்னாள் தெரியுமா? தலையைக் குனிந்துகொண்டு, "இன்னும் ஆகலீங்க." லண்டனில் அவளுக்குப் புருஷனும் மூன்று பிள்ளைகளும் இருக்கிறார்கள்! இங்கே வேறு ஒருத்தனைக் கட்டிக்கொள்ளலாம் என்று கல்யாணமானவள் எல்லாம் அன்றைக்குக் கன்னியாகிவிட்டாள். நிஜமாகவே கன்னியாக இருந்த நான் ஒருத்திதான் குடும்பஸ்திரீ.

ஆனால் என்னைக் குமாஸ்தா அதோடு விட்டாரா? "புருஷன் பேரு?" என்றார். வாயில் வந்த பெயரைச் சொல்லிவிட்டேன்: பாஸ்கோ யூரன். நம் உப்புக் கொட்டகைக்குச் சாளை மீன் கொண்டுவருவாரே, அதே வலைக்காரர்தான். எழுதிக்கொண்டார்.

இப்போது எனக்கு ஜேபஸ் கிடைத்திருக்கிறார். டெர்வென்ட் ஆற்றில் படகு விடுகிறவர். அவரும் கைதியாக வந்தவர்தான், ஆனால் விடுப்புச் சீட்டு வாங்கிவிட்டதால் தனக்காகச் சம்பாதித்துக்கொள்ளலாம். யார்க்ஷயர் பேச்சு, பாதி எனக்குப் புரியாது. நடு ஆற்றில் துடுப்பை நிறுத்திவிட்டு, "என்னைக் கட்டிக்கிறியா? இஷ்டமில்லேன்னா இங்கனயே எறங்கி நடந்து போ" என்றார். எனக்கு நீந்தத் தெரியாது என்பதற்காகச் சரி சொல்லவில்லை அக்கா. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது, அதற்காகச் சொன்னேன்.

கைதிப் பெண் கல்யாணம் செய்ய ஆளுநர் அனுமதி வேண்டும். மனுப் போட்டோம். 'கணவன் உயிருடன் இருப்பதால் இயலாது' என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பொய் சொன்னேன் என்று இப்போது சொன்னால் நம்ப மாட்டார்கள். "எனக்குப் புருஷனே கிடையாதுங்க" என்று வாரம் பத்துப் பேர் அங்கே போய் அழுகிறார்கள், பத்துப் பேருக்கும் புருஷன் இருக்கிறான். ஊரிலிருந்து சாவுச் சேதி வந்தால்தான் வழி.

இரண்டு வரி போதும் அக்கா. பாஸ்கோவுக்கு இதனால் ஒன்றும் ஆகப் போவதில்லை.

உன்
டாம்சின்

*

ஹோபார்ட் டவுன்
1836 ஏப்ரல் 11

அக்கா,

இன்னொரு கப்பல் புறப்படுகிறது, அதனால் ஒரு அவசரக் குறிப்பு. சாவை எப்படி எழுதுவது என்று நெல்லியிடம் யோசனை கேட்டேன். (அவள் ஒரு காவலரைக் கட்டிக்கொண்டு சுகமாக இருக்கிறாள், அது வேறு எரிச்சல்.) கடலில் மூழ்கினான் என்று எழுதாதே, உடல் கிடைத்ததா என்று கேட்பார்களாம். குதிரை உதைத்தது என்றால் சிரிப்பார்கள். காய்ச்சல் என்றே எழுது. ஒரு வாரம் கிடந்தான், நல்லபடியாக அடக்கம் செய்தோம், ஊரே வந்தது என்று சேர்த்துக்கொள். பாவம், நல்ல மனுஷர், கூட்டம் வரத்தானே செய்யும்.

டாம்சின்

*

பென்வேரல், கார்ன்வால்
1836 செப்டம்பர் 2

டாம்சினுக்கு,

உன் இரண்டு கடிதமும் ஒரே வாரத்தில் வந்தன. உயிரோடு இருக்கிறாய் என்று தெரிந்ததும் சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்துவிட்டு மேலே படித்தேன். அழுத கண்ணீர் எல்லாம் வீண்.

இந்த உலகத்தில் உனக்கு வேறு ஆம்பளை பெயரே கிடைக்கவில்லையா?

பாஸ்கோ யூரன் என் புருஷன். போன வருடம் பிப்ரவரியில் எங்களுக்குக் கல்யாணம் ஆயிற்று. நீ காய்ச்சலில் சாகடித்து, ஊரைக் கூட்டி அடக்கம் செய்யச் சொன்ன மனுஷர் இந்த நிமிடம் எனக்கு எதிரே உட்கார்ந்து இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்த இரண்டாவது பாஸ்டியைத் தின்றுகொண்டிருக்கிறார். உன் கடிதத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். 'குதிரை உதைத்தது' என்ற இடத்தில் சிரித்து, உருளைக்கிழங்கு தொண்டையில் சிக்கி, நிஜமாகவே போய்ச் சேர்ந்திருப்பார். முதுகில் நாலு போட்டேன். நெஞ்சைத் தடவிக்கொண்டு, "எழுதிக் குடு ஹானர், போனாப் போகுது. ரெண்டு வரியில செத்தா எனக்கென்ன கொறஞ்சா போயிடும்?" என்கிறார். ஆண்பிள்ளைகளுக்கு எல்லாமே விளையாட்டு.

நான் எழுத மாட்டேன். கட்டிய புருஷன் செத்துவிட்டான் என்று என் கையால் எழுதச் சொல்கிறாயே, உனக்கு எப்படி மனசு வந்தது? தெரியாமல் கேட்டாய், ஒப்புக்கொள்கிறேன். இப்போது தெரிந்துவிட்டது அல்லவா, இனிமேல் கேட்காதே.

இன்னொன்று. கேட்கக் கூடாது என்றுதான் இரண்டு நாள் இருந்தேன், முடியவில்லை. ஏன் அவர் பெயர்? ஆயிரம் பெயர் இருக்க, அது ஏன் உன் வாயில் வந்தது? உங்களுக்குள் ஏதாவது இருந்ததா? மறைக்காமல் எழுது.

சிறைக்கு நான் வராதது பற்றி: வெட்கம். வேலையும் போய், தெருவில் தலை காட்ட முடியாமல் இருந்தேன். போட்மினுக்குப் பாதி வழி நடந்து வந்துவிட்டுத் திரும்பினேன், இரண்டு தடவை. அதை யாரிடமும் சொன்னதில்லை.

ஹானர் யூரன்
(கையெழுத்தை நன்றாகப் பார்த்துக்கொள்.)

*

ஹோபார்ட் டவுன்
1837 பிப்ரவரி 8

என் அக்கா,

படித்ததும் துணித்தொட்டிக்குப் பின்னால் ஓடி ஒளிந்துகொண்டேன், நீ அங்கிருந்து அடித்துவிடுவாய் என்பதுபோல. வெட்கம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். ஜேபஸிடம் சொன்னேன். "அப்போ உன் புருஷன் உன் அக்கா புருஷனா? இந்தக் குடும்பத்துக்குள்ள நான் வரணுமா?" என்று படகோரத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

சத்தியமாக ஒன்றும் இல்லை அக்கா. கேட்டுவிட்டாய், நல்லது, மனசில் வைத்துக்கொண்டு புழுங்காமல். சிறையிலிருந்து எங்களை வண்டியில் ஏற்றிய அன்று ஒரே ஒரு ஆள் என்னைப் பார்க்க வந்தார். கையில் உன் பழுப்புப் போர்வையும் ஒரு மூட்டை ரொட்டியும். "உன் அக்கா குடுத்தனுப்பிச்சா. அவளைத் தப்பா நெனைக்காத, புள்ள" என்றார். அவ்வளவுதான். வண்டி கிளம்பிவிட்டது. அதற்குப் பிறகு நான்கு மாதம் எந்த ஆண்பிள்ளையும் என்னிடம் மரியாதையாக ஒரு வார்த்தை பேசவில்லை. குமாஸ்தா பெயர் கேட்டபோது, நல்ல மனுஷன் என்று மனசில் இருந்தது அந்த ஒரு முகம்தான். உனக்காக வந்தவரின் பெயரைத்தான் சொன்னேன். நீயே வந்திருந்தால் 'ஹானர்' என்று சொல்லியிருப்பேனோ என்னவோ, குமாஸ்தா மயக்கம் போட்டிருப்பார்.

பாதி வழி வந்தேன் என்று எழுதியிருந்தாயே. அந்த வரியைக் கிழித்து எடுத்து ரவிக்கைக்குள் வைத்திருக்கிறேன்.

சரி, இப்போது என் நிலைமையைக் கேள். நான் வேலை பார்க்கும் வீட்டு எஜமானி மிஸஸ் லட்லம் அடுத்த வருடம் பிப்ரவரியில் தீவின் வடகோடிக்குக் குடிபோகிறார். அவர் போகும் இடத்துக்கு நானும் போக வேண்டும், கைதிக்கு ஏது இஷ்டம்? ஜேபஸின் சீட்டு இந்த மாவட்டத்துக்கு மட்டும்தான், எல்லையைத் தாண்டினால் பிடித்துப்போய்ச் சங்கிலி போடுவார்கள். என் தண்டனை முடிய இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. முடிந்தாலும் அந்தப் புத்தகத்தில் நான் பாஸ்கோவின் மனைவிதான். பிப்ரவரிக்குள் அனுமதி கிடைத்தால் நான் ஜேபஸ் வீட்டில் இருக்கலாம். இல்லையென்றால் எனக்கு அவர் இல்லை அக்கா. இதை எழுதும்போது மையைக் கொட்டிவிட்டேன், பார்.

பாஸ்கோவே சம்மதிக்கிறாரே. காகிதத்தில்தானே சாகிறார்? பெரிய மனசு பண்ணு.

டாம்சின்

*

பென்வேரல்
1837 ஜூலை 14

டாம்சின்,

எழுதிப் பார்த்தேன். நம்பு. இவர் கடலுக்குப் போயிருந்தபோது, ஒரு திங்கட்கிழமை, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். 'பாஸ்கோ யூரன் காய்ச்சலில்' என்பதுவரை வந்துவிட்டது. மேலே பேனா போகவில்லை. அப்படியே மடித்து அலமாரியில் வைத்தேன். செவ்வாய்க்கிழமை திரும்ப வேண்டிய படகு வரவில்லை. புதனும் வரவில்லை. வியாழக்கிழமை காலை அந்தக் காகிதத்தை எடுத்து அடுப்பில் போட்டு, சாம்பலைக்கூட வீட்டில் வைக்காமல் வாரி வெளியே கொட்டினேன். மத்தியானம் மீன் நாற்றத்தோடு வந்து நிற்கிறார். காற்று மாறிப் பக்கத்துத் துறையில் ஒதுங்கினார்களாம், வேறு ஒன்றும் இல்லையாம். கழுத்தைக் கட்டிக்கொண்டு கத்தி அழுதேன். "என்னடி, என்னை நெஜமாவே சாகடிச்சிட்டியா?" என்றார். அதனால் டாம்சின், அது என்னால் ஆகாது. இனி அந்தப் பேச்சே வேண்டாம்.

ஆனால் உன்னை விட்டுவிடவும் மனசு வரவில்லை. ஒரு தடவை பாதி வழியில் திரும்பியது போதும். நேராகப் பாதிரியாரிடம் போய் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். முதலில் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டார். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. பிறகு கோயில் கல்யாணப் பதிவேட்டை எடுத்துப் புரட்டி, ஒரு வார்த்தைமேல் விரலை வைத்தார். எங்கள் கல்யாணப் பதிவில் இவர் பெயருக்குப் பக்கத்தில் எழுதியிருக்கிறது: 'மணமாகாதவர்.' மனைவியை இழந்தவர் என்றோ வேறு ஏதாவதாகவோ இல்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு முன்னால் அறிவித்து, யாரும் மறுக்காமல் எழுதிய வார்த்தை. "இவர் 1835 வரைக்கும் யாருக்கும் புருஷனா இருந்ததில்லைம்மா. அப்போ உன் தங்கச்சி கப்பலேறி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்றார். அந்தப் பக்கத்தை அப்படியே நகலெடுத்து, முத்திரை வைத்து, உன் பிறப்பிலிருந்து நீ யாரையும் மணக்கவில்லை என்று ஒரு பத்தியும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். இதோடு இருக்கிறது.

ஒன்று யோசித்துக்கொள். இந்தக் காகிதத்தைக் காட்டினால் நீ அதிகாரியிடம் பொய் சொன்னதும் சேர்த்துத்தான் வெளியே வரும். தண்டிப்பார்களோ, முடியை வெட்டுவார்களோ எனக்குத் தெரியாது. கொடுப்பதா வேண்டாமா என்பது உன் பாடு.

ஹானர்

கொழுந்தியாளுக்கு: நான் பாஸ்கோ. இதைச் சொல்லச் சொல்ல ஹானர் எழுதுகிறாள், அதனால் பாதியை வெட்டிவிடுவாள். உனக்காகச் சாக எனக்குச் சம்மதம்தான், வீட்டில் விடவில்லை. படகுக்காரனைக் கேட்டதாகச் சொல். அவன் துடுப்பு ஓக் மரமா, ஆஷ் மரமா?

*

ஹோபார்ட் டவுன்
1838 ஜனவரி 21

என் செல்ல அக்கா,

உட்கார்ந்து படி. பாஸ்கோவையும் உட்கார வை, வாயில் எதுவும் போடாமல்.

உன் உறை நவம்பர் கடைசியில் வந்தது. அன்று முழுக்க அதைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தேன். ஜேபஸ், "வேணாம் டாம்சின், உன்னைத் தண்டிச்சா? ரெண்டு வருஷம்தானே, நான் இருக்கேன்" என்றார். சொல்லிவிட்டு ஆற்றைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அந்த முதுகைப் பார்த்ததும் முடிவு செய்துவிட்டேன்.

குமாஸ்தா, அதே ஆள்தான், காகிதத்தை இரண்டு முறை படித்தார். முகம் சிவந்தது. மேசையை ஒரு குத்துக் குத்தினார். "அடப்பாவி! நீ கப்பலேறினதும் உன் புருஷன் உன் சொந்த அக்காவையே கட்டிக்கிட்டானா? அதுவும் மணமாகாதவன்னு கோயில்ல பொய் சொல்லி? விடக் கூடாது இவனை. கார்ன்வால் நீதிபதிக்கு இன்னைக்கே எழுதுறேன். ரெண்டு பொண்டாட்டி கட்டினவனுக்கும் ஏழு வருஷம்தான், இதே தீவுதான்!"

பேனாவை மையில் தோய்த்தேவிட்டார் அக்கா! என்னால் உன் வேலை போனது போதாதென்று, புருஷனையும் கைதியாக்கி இங்கே வரவழைக்கப் பார்த்தேனே! மைப்புட்டியைப் பிடுங்கி இடுப்புக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

"ஐயா, அவர் மேல ஒரு தப்பும் இல்ல. தப்புப் பண்ணினது நான். பொய் சொன்னது நான். அந்த மனுஷன் எனக்கு ரொட்டி கொண்டுவந்து குடுத்தாரு, அவ்வளவுதான்."

"புத்தகத்துல கல்யாணமானவள்னு தெளிவா இருக்கு."

"உங்க புத்தகம் நான் சொன்னதைக் கேட்டு எழுதினது. கோயில் புத்தகம் ஊரையே கேட்டு எழுதினது. எது நெஜம்?"

கத்தினேன் போல. உள்ளே இருந்து பெரிய அதிகாரி, வெள்ளைத் தலை, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வந்தார். காகிதத்தைப் படித்தார், புத்தகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் பின்னால் இருந்த மைப்புட்டியையும் பார்த்தார். "இருபது வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். கல்யாணமானவள் ஆகலேன்னு சொல்லித்தான் பாத்திருக்கேன். ஆகாதவள் ஆயிடுச்சுன்னு சொல்லி மாட்டிக்கிட்டது நீ ஒருத்திதான். இவ்வளவு முட்டாளா ஒருத்தியால நடிக்க முடியாது, இது நெஜமாத்தான் இருக்கணும்" என்றார். அதிகாரியிடம் பொய் சொன்னதற்குக் கைதிக்கூடத்தில் பத்து நாள் துணி துவைக்க வேண்டும், மைப்புட்டியை எடுத்ததற்கு இரண்டு நாள் கூடுதல். பிறகு அவரே பேனாவை வாங்கிப் புத்தகத்தில் 'கல்யாணமானவள்' என்பதைச் சிவப்பு மையில் அடித்தார். கொஞ்சம் கோணலாகத்தான் அடித்தார்.

பன்னிரண்டு நாளும் பாடிக்கொண்டேதான் துவைத்தேன். மேற்பார்வைக்காரம்மா, "தண்டனைக்கு வந்தியா, விருந்துக்கு வந்தியா?" என்று திட்டினார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அனுமதி வந்தது. அந்த ஞாயிறு தொடங்கி மூன்று வாரம் எங்களுக்கும் கோயிலில் அறிவித்தார்கள். இந்தக் கல்யாணத்துக்குத் தடை சொல்ல யாராவது உண்டா என்று பாதிரியார் கேட்கும்போதெல்லாம் என் கப்பல் பெண்கள் இருபது பேர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவார்கள். மூன்றாவது வாரம் நெல்லி ஸ்ப்ராட் அடக்க முடியாமல் தும்மிவிட்டாள், பெரிய தும்மல். பாதிரியார் நிமிர்ந்து, "ஏதாவது சொல்லணுமாம்மா?" என்றார். நெல்லி எழுந்து நின்று, "ஒண்ணுமில்லீங்க. அவ கன்னிதாங்க. எனக்கு நல்லாத் தெரியும்" என்றாள். கோயிலே சிரித்தது. ஜேபஸ் மட்டும் முன் இருக்கையைப் பிடித்தபடி வெளுத்துப்போய் நின்றார், பாவம்.

போன திங்கட்கிழமை கல்யாணம். மிஸஸ் லட்லம் கேக் செய்து கொடுத்தார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான், நல்ல வேலைக்காரி போகிறாளே என்று. கங்காரு இறைச்சி, உருளைக்கிழங்கு, நெல்லியின் காவலர் எங்கிருந்தோ கொண்டுவந்த ரம். வெயில் மண்டையைப் பிளந்தது, ஆனாலும் ஆற்றங்கரையில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆடினோம். நீ இல்லாதது மட்டும்தான் குறை. நடுவில் ஒரு தடவை மரத்துக்குப் பின்னால் போய் உன்னை நினைத்து அழுதுவிட்டு வந்து மறுபடி ஆடினேன்.

பாஸ்கோவிடம் சொல், ஆஷ் மரம். அவரை இனி நூறு வயது வரைக்கும் யாரும் தொட முடியாது, நான் எழுதிக் கொடுக்கிறேன்.

இப்போது எங்கள் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரே அறை, ஆற்றைப் பார்த்த கதவு. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஜேபஸ் கரையிலிருந்து, "ஏ பொண்டாட்டி! வந்து கயித்தைப் புடி!" என்று குரல் கொடுத்தார். நாலு வருடம் புத்தகத்தில் மனைவியாக இருந்தும் என்னை அப்படி ஒருத்தரும் கூப்பிட்டதில்லையே! எழுந்திருக்கத் தோன்றவில்லை அக்கா. யாருடைய பொண்டாட்டியைக் கூப்பிடுகிறார் என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். கரையில் வேறு யாரும் இல்லை.

உன் தங்கை
டாம்சின் ஓர்ம்